பதினோரு நாடுகளும் பூங்காவனமும்

சுதந்திரம் வந்து பத்தாவது மாதத்தில், கஜா பேராங் சாலையில் ஒரு காப்பிக்கடையின் மேல்மாடியில் புதிய அலுவலகம் ஒன்று திறந்தார்கள். 'மூத்த ஆண் பெண்களின் தொழில் நிலையைப் பல நாடுகளோடு ஒப்பிட்டு ஆராயும் வாரியம், மலாக்கா கிளை' என்பது அதன் பெயர். பெயர்ப்பலகை மாடிப்படியில் திரும்பவில்லை. அதனால் நடுவில் அறுத்து, ஜன்னலுக்கு ஒரு துண்டாக மாட்டினார்கள். கீழே காப்பி குடிக்க வருகிறவர்கள் அதற்குக் 'கிழடுங்க ஆபீஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

வாரியம் யாருக்கும் வேலை கொடுக்காது. வேலை போனவர்களுக்கு உதவியும் செய்யாது. ஊரில் வயதானவர்கள் எத்தனை பேர் இன்னும் வேலை செய்கிறார்கள் என்று எண்ண வேண்டும். அந்த எண்ணை மற்றப் பதினோரு நாடுகளின் எண்களுக்குப் பக்கத்தில் எழுத வேண்டும். அவ்வளவுதான் அதன் பணி. அதற்காக ஓர் இயக்குநரும், எழுத்து வேலைக்கு ஒரு கிராணியும், மூன்று தட்டச்சு இயந்திரங்களும் இருந்தன. தட்டச்சுத் தெரிந்த ஆளை மட்டும் இன்னும் நியமிக்கவில்லை.

இதெல்லாம் பூங்காவனத்துக்குத் தெரியாது. கிழவர்களுக்கென்று சர்க்கார் ஓர் ஆபீஸ் திறந்தால் அதில் கிழவர்களுக்கு ஏதாவது கிடைக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவளுடைய எல்லாத் துன்பங்களும் அந்த நினைப்பில் தொடங்கின என்று சொல்ல முடியாது. ஆனால் கடைசித் துன்பம் அதில்தான் தொடங்கியது.

பூங்காவனம் தெருக்கூட்டுகிறவள். ரப்பர் தோட்டத்தில் புல்வெட்டி வளர்ந்தவள். ஜப்பான்காரன் காலம் முடிந்ததும் புருஷன் நல்லையாவோடு டவுனுக்கு வந்தாள். ஒரே மகன் சயாம் ரயில் போடப் போனவன் திரும்பவில்லை. நல்லையா ஆற்று முகத்துவாரத்தில் தொங்காங் படகுகளிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓர் அரிசி மூட்டை மேலேயிருந்து சரிந்து அவர் இடுப்பில் விழுந்தது. அன்றிலிருந்து அவருக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. பூங்காவனம் விடியும் முன் எழுந்து போய்க் கூட்டுவாள். பத்து மணிக்கு வந்து அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, கஞ்சி கொடுத்துவிட்டு மறுபடி போவாள். கண்டிராக்ட் வேலைதான். கூலியாட்களை மேய்க்கும் மண்டோர் காலையில் பெயர் கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் இல்லை. அவர் அவள் பெயரை ஒரு நாளும் விட்டதில்லை, ஏனென்றால் அவள் கூட்டிய இடத்தை மறுபடி பார்க்க வேண்டியதில்லை.

ஒரு மதியம் அவள் மாடியேறிப் போனாள். கிராணி தியாகு முப்பது வயதுக்காரன், நல்ல குடும்பத்துப் பிள்ளை, யாரையும் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசுவான். அவளையும் உட்காரச் சொன்னான். அது அவளுக்கு நம்பிக்கை தந்தது. பிறகு நான்கு பக்கத்துப் படிவம் ஒன்றை எடுத்தான்.

போன வாரம் ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா என்பது முதல் கேள்வி. அவள் யோசித்து, ஒரு மணி நேரம் வேலை செய்யாமல் இருந்தது எப்போது என்று கேட்டால் சொல்வது சுலபம் என்றாள். வீட்டில் புருஷனைக் குளிப்பாட்டுவது, புரட்டுவது, மலம் எடுப்பது எல்லாம் எந்தக் கட்டத்தில் வரும் என்று தியாகுவுக்குத் தெரியவில்லை. உள்ளே போய் இயக்குநரைக் கேட்டு வந்தான். சம்பளம் இல்லாததால் அது வேலையில் சேராது என்றும், 'ஓய்வு நேர ஈடுபாடுகள்' என்ற தலைப்பில் எழுதலாம் என்றும் இயக்குநர் சொல்லியிருந்தார்.

அடுத்தது வயது. பிறப்புப் பத்திரம் இரண்டு பேருக்கும் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு வயது நிர்ணயிக்க வாரியத்தில் ஒரு முறை இருந்தது: பல், முடி, நடை. பூங்காவனத்துக்கு மூன்று பல்தான் மிச்சம், அதனால் அறுபத்தொன்று என்று முடிவானது. மறுநாள் தியாகு வீட்டுக்கே வந்து நல்லையாவைப் பார்த்தான். அவர் தலையில் ஒரு முடி நரைக்கவில்லை, பல்லும் உறுதி. நடையைச் சோதிக்க வழியில்லாததால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டான். ஐம்பத்து நான்கு என்று வந்தது. ஐம்பத்தைந்துக்குக் கீழே இருப்பவர் மூத்தவர் இல்லை. ஆகவே நல்லையா, திடகாத்திரமான வயதில் வேலை தேடாமல் வீட்டில் இருப்பவர் என்று பதிவானார்.

"நான் உங்க அம்மாவ விடவும் பெரியவன் தம்பி," என்றார் நல்லையா படுத்தபடி.

"பல்லு அப்படிச் சொல்லலையே, ஐயா," என்றான் தியாகு வருத்தத்தோடு. அவன் எதையும் வருத்தத்தோடுதான் செய்வான்.

முதல் இரண்டு மாதம் மோசமில்லை. இயக்குநர் கலியாணசுந்தரம் இந்த ஒப்பீட்டுப் படிப்பை வெளிநாட்டில் எட்டு மாதம் படித்தவர். வயதானவர்கள் உழைப்பது நாட்டின் ஆரோக்கியத்தைக் காட்டும் என்று அவர் ஒரு பள்ளி மண்டபத்தில் பேசினார். எந்தெந்த நாட்டில் கிழவர்கள் வயலைவிட்டு நகர்வதில்லை, எங்கே பாட்டிமார்கள் மீன் விற்கிறார்கள் என்று வரைபடத்தைக் காட்டி விளக்கினார். கஜா பேராங் வட்டாரத்தில் இருபத்து மூன்று மூத்தவர்கள் வேலையில் இருந்தார்கள். அவர்களை மேடையேற்றி, 'உழைக்கும் மூத்தோர்' என்று எழுதிய பித்தளை வில்லையை ஆளுக்கொன்று குத்திவிட்டார். பூங்காவனம் பக்கத்தில் நின்ற மருதமுத்து, சாக்கடை வாருகிற கிழவர், தனக்கு வில்லை வேண்டாம், வாரும்போது உள்ளே விழுந்துவிடும் என்றார். அதை மண்டபத்தில் எல்லோரும் நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார்கள்.

மூன்றாம் மாதம் தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. வரைபடத்தை மலாக்கா கிளை தலைகீழாகப் பிடித்துக் காட்டியிருக்கிறது என்று அதில் கண்டிருந்தது. உண்மையான போக்கு வேறு. ஒரு நாடு முன்னேற முன்னேற வயதானவர்கள் வேலையிலிருந்து விலகுகிறார்கள். முதலில் பெண்கள், பிறகு ஆண்கள். எங்கே கிழவி தெருக்கூட்டுகிறாளோ அந்த நாடு பின்தங்கிய நாடு. ஆகவே கிளைகள் விகிதத்தைக் குறைத்துக் காட்டுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டன.

கலியாணசுந்தரம் தவற்றை ஒப்புக்கொள்ளும் மனிதர். அதே மண்டபத்தில் மறுபடி கூட்டம் போட்டார். "இந்த வயசுல நீங்க வேலை செய்யறதப் பாத்தா எனக்கு வெக்கமா இருக்கு," என்று இருபத்து மூன்று பேரையும் பார்த்துச் சொன்னார். "நாங்களா வெக்கப்படணும்னு நீங்க கேக்கலாம். இல்ல. எனக்குத்தான். பதினோரு நாட்டுக்காரங்க முன்னால இந்த எண்ணை எடுத்துட்டுப் போயி நிக்கப்போறவன் நான்." பிறகு தியாகு வில்லைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டான். பூங்காவனத்தின் சேலையில் ஊசி சிக்கிக் கொஞ்சம் கிழிந்தது. அவன் மன்னிப்புக் கேட்டான்.

வேலையை யாரும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் எப்படிச் சாப்பிடுவது என்று வாரியம் சொல்லவில்லை. அது வாரியத்தின் ஆய்வு எல்லைக்குள் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பதினோரு நாட்டுப் பிரதிநிதிகள் மலாக்காவுக்கு வருவதாகத் தகவல் வந்தது. ஒரு வியாழக்கிழமை முழுவதும் அவர்கள் ஊரைச் சுற்றிப் பார்ப்பார்கள். தெங்கேரா பள்ளிவாசல், கஜா பேராங் கோயில்கள், கடைசியில் காப்பிக்கடை மாடியில் அறிக்கை வாசிப்பு. கலியாணசுந்தரத்துக்கு இரண்டு இரவு தூக்கமில்லை. இருபத்து மூன்று பேரும் தெருவில்தான் வேலை செய்கிறார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்றாம் நாள் அவருக்கு ஒரு வழி தோன்றியது. அதற்கு 'மூத்தோர் ஓய்வு நாள்' என்று பெயர் வைத்தார்.

வியாழக்கிழமை விடியும்போது துடைப்பத்தோடு வந்தவர்களை மண்டோர் வரிசையில் நிறுத்தினார். லாரி தயாராக நின்றது. எல்லோரும் கிளேபாங் கடற்கரைக்குப் போய் ஓய்வெடுக்க வேண்டும், மேலிடத்து உத்தரவு என்றார். ஏறாதவர் பெயரை நாளையிலிருந்து கூப்பிட மாட்டார்கள். பூங்காவனம் மண்டோரிடம் தனியாகப் போய், பத்து மணிக்கு வீட்டில் இருந்தாக வேண்டும் என்றாள். அதற்குள் திரும்பிவிடலாம், ஏறு என்றார் மண்டோர். லாரி எப்போது திரும்பும் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

கிளேபாங்கில் தென்னைமரத்தடியில் பாய் விரித்திருந்தது. ஆளுக்கு இரண்டு பிஸ்கட், ஒரு குவளை சர்பத். தியாகு ஒரு தாளை வைத்துக்கொண்டு ஓய்வு எடுப்பவர்களைக் கண்காணித்தான். முதல் அரைமணி நேரம் எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். அதற்கு மேல் அவர்களால் முடியவில்லை. இரண்டு கிழவிகள் பாயைச் சுற்றியிருந்த மட்டைகளைப் பொறுக்கிக் குவித்தார்கள். மருதமுத்து ஒரு குச்சியை எடுத்து, மழைநீர் ஓடும் வாய்க்காலைக் குத்தி அடைப்பெடுத்தார். தியாகு ஓடிவந்து குச்சியைப் பிடுங்கினான். யாரும் எதுவும் செய்யக்கூடாது, செய்தால் அந்த ஒரு மணி நேரம் கணக்கில் வந்துவிடும் என்று கெஞ்சினான். அதன் பிறகு அவர்கள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பத்து மணி ஆனது. பூங்காவனம் எழுந்து தியாகுவிடம் போனாள். லாரி மூன்று மணிக்குத்தான் வரும் என்று அவன் சொன்னான். அவள் போய் உட்கார்ந்தாள். பதினொன்றுக்கு மறுபடி எழுந்தாள். இந்த முறை அவனிடம் கேட்கவில்லை, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சாலைப் பக்கம் நடந்தாள்.

அவன் பின்னாலேயே ஓடி வந்தான். "ஆயா, இப்பப் போவாதீங்க. நீங்க போனா ரோட்டுல தெரிவீங்க."

"காலையில ஒரு வாய் தண்ணிதான் குடுத்துட்டு வந்தேன் தம்பி. அவரால எட்டி எடுத்துக் குடிக்க முடியாது."

தியாகு அவள் முன்னால் கையை விரித்து நின்றான். அவள் அவன் கைக்கு அடியில் குனிந்து போய்விட்டாள். அவன் அவளைத் தொட்டுத் தடுக்கவில்லை. தாளில் அவள் பெயருக்கு எதிரே 'கடற்கரையில் உலாவுகிறார்' என்று எழுதிக்கொண்டு திரும்பினான்.

வெயில் ஏறியிருந்தது. அவள் கடலோரச் சாலையிலேயே நடந்து தெங்கேராவுக்கு வந்தாள். பள்ளிவாசலுக்கு முன்னால் நான்கு கார்கள் நின்றன. பிரதிநிதிகளில் ஒருவரான வெள்ளைக்கார நிபுணர், தொப்பியும் கேமராவுமாக, சாலை நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் கோட்டு போட்டு வியர்த்துக்கொண்டு நின்றவர் கலியாணசுந்தரம். அவள் ஒதுங்கிப் போகப் பார்த்தாள். ஆனால் நிபுணர் பத்து நாளாக மூத்த பெண் ஒருத்தியோடு பேச ஆசைப்பட்டுக்கொண்டிருந்தவர். எந்த நாட்டிலும் அலுவலகங்களுக்குள்ளேயே அவரை வைத்திருந்தார்கள். அவர் கையை நீட்டி அவளை நிறுத்தி, எங்கே போகிறாய் என்று கேட்கச் சொன்னார்.

கலியாணசுந்தரம் கேட்டார்.

"வூட்டுக்குப் போறேங்க. கெடையில கெடக்கிற மனுசன், நாக்கு வறண்டு கெடப்பாரு. காலையில லாரியில ஏத்திட்டுப் போயி வுட மாட்டேங்கிறாங்க."

கலியாணசுந்தரம் அதை ஆங்கிலத்தில், அவள் காலையில் கடற்காற்று வாங்கப் போயிருந்ததாகவும், இப்போது கணவரோடு மதிய உணவு சாப்பிடப் போவதாகவும் சொன்னார்.

நிபுணர் மகிழ்ந்துபோனார். கணவர் என்ன செய்கிறார் என்று கேட்டார். வீட்டில் படித்துக்கொண்டிருக்கிறார் என்றார் கலியாணசுந்தரம். இவள் ஓய்வுக்கு முன் என்ன தொழில் செய்தாள், பேரப்பிள்ளைகள் எத்தனை, பொழுது எப்படிப் போகிறது என்று நிபுணர் ஒவ்வொன்றாகக் கேட்டார். கலியாணசுந்தரம் ஒவ்வொன்றையும் தமிழில் அவளிடம் கேட்டு, அவள் சொன்னதை விட்டுவிட்டு வேறொன்றைச் சொன்னார். நேர்மையான மொழிபெயர்ப்புக்கு ஆகும் நேரமே இதற்கும் ஆனது. அவள் இரண்டு முறை கைகூப்பிப் பார்த்தாள். அதை நிபுணர் இந்த நாட்டு வணக்கம் என்று எண்ணித் தானும் கைகூப்பினார். கடைசியில் அவள் அழுதாள். காரணத்தைக் கேட்டபோது, வெளிநாட்டார் தன்னை மதித்துப் பேசியதால் என்று கலியாணசுந்தரம் விளக்கினார்.

வெயில் கடுமையாக இருக்கிறது, என் காரில் கொண்டுபோய் வீட்டில் விடட்டுமா என்று நிபுணர் கேட்டார். அவர் உண்மையாகத்தான் கேட்டார். காரில் போனால் அவர் வீட்டு வாசல்வரை வருவார், உள்ளேயும் எட்டிப் பார்ப்பார் என்று கலியாணசுந்தரத்துக்குத் தோன்றியது.

"அவளுக்கு நடப்பதுதான் பிடிக்கும்," என்றார்.

அவள் நடந்தாள். தெங்கேராவிலிருந்து கஜா பேராங்குக்கு வந்து, செட்டி கம்போங் குடியிருப்பின் ஓரத்தில் இருந்த தன் தகரக் கொட்டகைக்குத் திரும்பும் சந்தில் நுழைந்தபோது, பக்கத்து வீட்டுச் சாரதாம்பாள் வாசலில் நிற்பதைப் பார்த்தாள். சாரதாம்பாள் மலாக்காச் செட்டிக் குடும்பத்துக்காரி. சாமி கும்பிடுவது எல்லாம் நம்மைப்போல்தான், பேச்சு மட்டும் மலாய். பத்து வருஷமாக இரண்டு பேரும் அவரவர் பாஷையில் பேசிப் புரிந்துகொண்டு பழகியிருந்தார்கள்.

"லாக்கி லு சுடா தாக் ஆடா," என்றாள் சாரதாம்பாள்.

உன் புருஷன் போய்விட்டார் என்று அர்த்தம். பூங்காவனத்துக்குப் புரிந்தது. ஆனாலும் புரியாதவள்போல அவளைக் கடந்து தன் கொட்டகைக்கு நடந்தாள்.

நல்லையா கட்டிலில் இல்லை. கையாலேயே தரையில் இழுத்துக்கொண்டு வாசற்படிவரைக்கும் வந்திருந்தார். சற்று முன் சந்தையிலிருந்து வந்த சாரதாம்பாள் பார்த்தபோது உடம்பில் சூடு இருந்ததாம். அவர் தண்ணீர்ப் பானைப் பக்கம் போகவில்லை. வெளியே வரத்தான் பார்த்திருக்கிறார். பத்து மணிக்கு வருகிறவள் வராததால் அவளுக்கு என்னமோ ஏதோ என்று தேடி வந்திருப்பார் என்று பூங்காவனம் நினைத்தாள். அந்த நினைப்பை அவளால் பிறகு என்றைக்கும் விட முடியவில்லை.

அன்று மாலை காப்பிக்கடை மாடியில் கலியாணசுந்தரம் அறிக்கை வாசித்தார். கஜா பேராங் வட்டாரத்தில் ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் வேலை செய்யும் பெண்கள் ஒருவரும் இல்லை, ஆண்களும் ஒருவரும் இல்லை என்றார். இந்த விகிதத்தை உலகில் வேறெந்த நாடும் இன்னும் எட்டவில்லை என்று சொன்னபோது பதினோரு நாட்டாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சில நாட்டார் கொஞ்சம் பொறாமையோடு தட்டினார்கள்.

மூன்றாம் நாள் கலியாணசுந்தரம் துக்கம் விசாரிக்க வந்தார். வாசலிலேயே நின்றார், செருப்பைக் கழற்றவில்லை. "கேள்விப்பட்டதும் துடிச்சுப்போயிட்டேன் அம்மா," என்றார். "மூத்தோர் ஓய்வு நாள்ல ஒரு மூத்தவர் செத்துட்டாருன்னு எங்கயாவது பேச்சு வந்தா என்ன ஆவுறது? அப்புறம் பதிவை எடுத்துப் பாத்தேன். ஐம்பத்து நாலு. அப்பத்தான் உசுரு வந்துச்சு. அவரு எங்க கணக்குலயே வரல்ல. நீங்க அதப் பத்திக் கவலப்பட வேணாம்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருதமுத்து எழுந்து, கருமாதிக்குப் பந்தல் போடக் கழி வேண்டும், வாரியத்துப் பெயர்ப்பலகையில் ஒரு துண்டு கிடைக்குமா என்று கேட்டார். கலியாணசுந்தரம் அதை எழுத்தில் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

பதினாறு கழிந்து அவள் துடைப்பத்தோடு போய் வரிசையில் நின்றாள். மண்டோர் எல்லாப் பெயரையும் கூப்பிட்டு முடித்துவிட்டுத் தாளை மடித்தார். அவள் பெயர் வரவில்லை. மருதமுத்து பெயரும் வரவில்லை. இருபத்து மூன்று பேரில் ஒருவர் பெயரும் வரவில்லை. என்ன என்று கேட்டதற்கு மண்டோர் தலையைச் சொறிந்தார். மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது, மூத்தவர்கள் யாரும் வேலையில் இல்லை என்று அறிக்கை போயிருக்கிறது, இருந்தால் அறிக்கை பொய்யாகிவிடும் என்றார். அவருக்கும் வருத்தம்தான். அவள் கூட்டிய இடத்தை இனி அவரே போய்ப் பார்க்க வேண்டும்.

அவள் மாடியேறிப் போனாள். இந்த முறை தியாகு உட்காரச் சொன்னபோது அவள் உட்காரவில்லை. நேராக இயக்குநர் அறைக்குள் போனாள்.

"நான் வேலை செஞ்சிக்கிட்டுதான் இருந்தேன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. மண்டோர் சேத்துக்குவாரு."

கலியாணசுந்தரம் பேனாவை மூடிவைத்தார். "அம்மா, நான் எழுதலாம். ஒரு நிமிசம் ஆவாது. ஆனா பதினோரு நாடு நம்மளப் பாத்துத் தங்களோட கிழவிங்கள வேலைய விட்டு அனுப்ப ஆரம்பிச்சிருப்பாங்க இந்நேரம். இப்பப் போயி நம்ம கிழவி கூட்டிக்கிட்டுதான் இருக்கான்னு சொன்னா, அந்தக் கிழவிங்க கதி என்ன? அதையும் நெனச்சுப் பாக்கணும்."

"அப்ப நான் என்னத்தத் திங்கிறது?"

அவர் இந்தக் கேள்வியை யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார். வேலையை விட்ட மூத்தோர் வெவ்வேறு நாடுகளில் என்ன சாப்பிடுகிறார்கள் என்பது இதுவரை யாரும் ஒப்பிட்டு ஆராயாத விஷயம் என்று அவருக்குப் பட்டது. ஒரு தாளை எடுத்துக் குறித்துக்கொண்டு, நல்ல யோசனை, அடுத்த மாநாட்டுக்கு அனுப்புகிறேன் என்று அவளுக்கு நன்றி சொன்னார்.

டவுனுக்குள் அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. கடிதம் எல்லாக் கண்டிராக்டர்களுக்கும் போயிருந்தது. கொஞ்ச நாள் சாரதாம்பாள் வீட்டுச் சோற்றில் ஓடியது. பிறகு மருதமுத்து ஒரு செய்தி கொண்டுவந்தார். குருபோங் பக்கம் ஒரு சின்ன ரப்பர்த் தோட்டத்தில் லாலான் புல் வெட்ட ஆள் எடுக்கிறார்கள். இடம் டவுன் எல்லைக்கு வெளியே இருக்கிறது, வாரியத்தின் கணக்கு அதுவரைக்கும் போகாது. வயது கேட்பதில்லை. கேட்காததற்கு ஏற்ற மாதிரிதான் கூலியும். இருபத்து மூன்று பேரில் பத்தொன்பது பேர் அங்கே போனார்கள். மற்ற நாலு பேருக்கு அவ்வளவு தூரம் நடக்கக் கால் இல்லை. பூங்காவனம் சின்ன வயதில் செய்த அதே வேலை. அப்போது முதுகு வளைந்தால் நிமிர்ந்தது, இப்போது வளைந்தபடியே வீட்டுக்கு வந்தாள்.

மறு வருஷம் வாரியம் பதவி உயர்வு பெற்றது. மலாக்கா கிளையின் சாதனையைப் பாராட்டி அதன் எல்லையைக் குருபோங் வரைக்கும் நீட்டினார்கள்.

தியாகு சைக்கிளில் வந்தான். அவன் வரும் செய்தி தோட்டத்துக்குக் கொஞ்சம் முன்பே வந்துவிட்டது. பத்தொன்பது பேரும் புல்வெட்டுக் கத்தியை அடியில் போட்டுக்கொண்டு ஆளுயர லாலானுக்குள் படுத்துக்கொண்டார்கள். புல்நுனி முகத்தை அறுத்தது. ஒரு கிழவர் இருமலை அடக்கப் பக்கத்தில் கிடந்த கிழவியின் சேலைத்தலைப்பை வாங்கி வாயில் திணித்துக்கொண்டார்.

தியாகு சைக்கிளை ரப்பர் மரத்தில் சாய்த்துவிட்டு, படிவத்தோடு உள்ளே நடந்து வந்தான். பாதி வெட்டிய புல் ஈரம் காயாமல் கிடந்தது. அவன் அதைப் பார்த்தான். இன்னும் நான்கு அடி வைத்தான். அவனுடைய காலுக்குக் கீழே, புல்லுக்கு நடுவில், பூங்காவனம் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. அவனும் உட்காருங்கள் என்று சொல்லவில்லை.

"எழுதிராத தம்பி," என்றாள் அவள், உதடு அசைவது தெரியாமல்.

தியாகு நிமிர்ந்து, காலியான தோட்டத்தைச் சுற்றிப் பார்ப்பவன்போல ஒரு முறை தலையைத் திருப்பினான். படிவத்தைத் தொடையில் வைத்து, ஆண்கள் கட்டத்தில் ஒரு சுழியும் பெண்கள் கட்டத்தில் ஒரு சுழியும் போட்டான். இரண்டாவது சுழி சரியாக மூடவில்லை. அதை மறுபடி அழுத்திப் போட்டு மூடினான். பிறகு வந்த வழியே போனான். சைக்கிள் மணி தூரத்தில் தேய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் அவர்கள் படுத்தே கிடந்தார்கள். மருதமுத்துதான் முதலில் எழுந்தார். பிறகு ஒவ்வொருவராக எழுந்து, கத்தியை எடுத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து வெட்டத் தொடங்கினார்கள்.